கட்டாயம் இல்லை, வந்துவிடுங்கள்

நாற்பதாவது பிறந்தநாள் கேக்கின் மிச்சம் தீர்வதற்குள் சினத்சு முராசேயின் வயிற்றை அளக்க அழைப்பு வந்துவிட்டது. நாற்பதைத் தொட்டவர்களின் வயிற்றை ஆண்டுக்கொரு முறை நாடா சுற்றி அளப்பது இங்கே வழக்கம். நாடா தொப்புளுக்கு நேராக ஓட வேண்டும். பெண்களுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் போனால் அது அவரவர் வயிறு அல்ல, கம்பெனியின் கவலை.

கம்பெனி செய்வது அலுவலக நாற்காலி. ஹிசகாவா நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது என்பது விளம்பரம். அந்த நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்துதான் ஊழியர்கள் நாடாவுக்குக் காத்திருந்தார்கள். சினத்சுவுக்கு முன்னால் இருந்தவர் கிடங்குப் பிரிவின் ஹிராபயாஷி. ஓய்வுபெற இரண்டே வருடம் பாக்கி. அவர் முறை வந்ததும் எழுந்து, மார்பை நிமிர்த்தி, முகம் சிவக்க நின்றார்.

"மூச்சை விடுங்க, ஹிராபயாஷி சான்," என்றாள் நர்ஸ், மரியாதைக்குரிய 'சான்' குறையாமல்.

"விட்டாச்சும்மா."

"விடல. பேசறதைக்கூட உள்ள இழுத்துக்கிட்டே பேசறீங்க."

சினத்சு மூச்சைப் பிடிக்கவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். விடியற்காலையில் எழுந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டி, உடுத்தி, சைக்கிளில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்து மிதித்து, குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். பிள்ளைகள் கடித்து வைத்த சோற்று உருண்டைகளும், தொடாமல் விட்ட முட்டைச் சுருள்களும்தான் பல வருடமாக அவளுடைய சாப்பாடு. நாடா தொண்ணூறைத் தாண்டி ஒரு விரல்கடை போய் நின்றது.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. தீர்ப்புகள் மூன்று வகை. நல்ல வயிற்றுக்கு வாழ்த்து. நடுத்தர வயிற்றுக்கு 'ஊக்கமூட்டும் ஆதரவு'. கெட்ட வயிற்றுக்குத் 'தீவிர ஆதரவு'. சினத்சுவுக்கு நடுவில் உள்ளது கிடைத்தது.

கம்பெனியின் மூன்றாம் மாடியில் உடல்நல ஊக்குவிப்பு அறை இருக்கிறது. அதன் தலைவர் சுகெகாவா. ஒட்டிய வயிறும் வெயிலில் பழுத்த முகமுமாக, உட்கார்ந்திருக்கும்போதுகூட எங்கோ ஓடிக்கொண்டிருப்பவர் போல் இருப்பார்.

"முராசே சான், உங்ககிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "ஊக்கம்."

"எனக்கு நேரம்தான் இல்ல, சுகெகாவா சான்."

சுகெகாவா இரக்கத்தோடு சிரித்தார். "ஊக்கம் இல்லாதவங்க முதல்ல சொல்ற வார்த்தையே அதுதான். எங்க கைப்புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. சரி, தினமும் என்ன உடற்பயிற்சி பண்றீங்க?"

சினத்சு யோசித்தாள். கணவன் கென்ஜியைப் போன வருடம் தொலைவில் உள்ள ஃபுகுவோகா கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அவன் கம்பெனி வேறு, வழக்கம் அதேதான். ஆளை மட்டும் அனுப்புவார்கள், குடும்பம் இருந்த இடத்தில் இருக்கும். அன்றிலிருந்து வீடும் பிள்ளைகளும் அவள் ஒருத்தியின் தலையில். மின்சார சைக்கிளின் மின்கலம் செத்துப்போய் மாதக்கணக்காகிறது. ஷிஹோவுக்கு ஆறு வயது. ரிக்குவுக்கு இரண்டு, வயதுக்கு மீறிய கனம். இருவரையும் ஏற்றிக்கொண்டு கோயில் மேட்டில் நின்றுகொண்டே மிதிக்கிறாள். சாயங்காலம் காய்கறிப் பையும் சேர்ந்துகொள்ளும். வீடு நான்காம் மாடி, லிப்ட் கிடையாது. ரிக்கு படியில் நடக்க மாட்டான். இதையெல்லாம் சொன்னாள்.

சுகெகாவா பேனாவை மூடி வைத்தார்.

"இது எதுவும் சேராது. இதெல்லாம் வாழ்க்கைச் செயல்."

"மூச்சு வாங்குதே?"

"வாங்கட்டும். செஞ்சே ஆகணும்னு செய்யறது வாழ்க்கைச் செயல். செய்யத் தேவையே இல்லாததைச் செஞ்சா அது உடற்பயிற்சி. தேவைக்காக ஏறினீங்கன்னா அதுல உங்க ஊக்கம் எங்க இருக்கு? மேடுதான் உங்களை ஏத்துது."

"அப்போ பிள்ளைங்களை விட்டுட்டு, கீழ இறங்கி, சும்மா இன்னொரு தடவை மேட்டுல ஏறினா?"

"அது உடற்பயிற்சி!" அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? வந்து பத்து நிமிஷம் ஆகல, உங்களுக்கே யோசனை வருது."

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். மூன்றாம் மாடிக்கு வந்தவர்கள் அதைக் கேட்காமல் இறங்கியதில்லை.

"இருபது வருஷமா தினம் காலைல ஆத்தங்கரையில ஓடறேன். ஒருநாள் விட்டதில்ல. எங்க மூத்தவன் பிறந்த அன்னைக்குக்கூட ஓடினேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தப்போ பாலத்துல இருந்தேன். பாதியில திரும்பினா ஊக்கம் உடைஞ்சு போயிடும்ல? முழுசா முடிச்சு, குளிச்சு, அப்புறம்தான் போனேன்."

"உங்க மனைவி ஓடுவாங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். நாலு பிள்ளைங்களோட வீட்டுலயே இருந்தவ. நாள் முழுக்க அவளுக்குத்தான். இருந்தும் செருப்பை மாட்டிக்கிட்டு ஒருநாள் வந்ததில்ல. அதனாலதான் முராசே சான், உங்களை மாதிரிப் பெண்களோட பிரச்சினை எனக்கு அத்துப்படி."

சினத்சு தலை குனிந்து நன்றி சொன்னாள்.

ஊக்கமூட்டும் வகுப்பு சாயங்காலம் வேலை முடிந்த பிறகு வைக்கப்பட்டது. வேலை நேரத்தில் உடல்நலத்தைக் கவனித்தால் உற்பத்தி கெட்டுவிடும் என்று நிர்வாகம் கருதியது. நடுத்தர வயிறுள்ளவர்கள் இருபது பேர் வரிசையாகக் கம்பெனியின் புதிய நாற்காலிகளில் அமர்ந்தார்கள். நீண்ட நேரம் உட்கார்வதால் வரும் ஆபத்துகளைப் பற்றி சுகெகாவா நீண்ட நேரம் பேசினார். ரத்தம் தேங்கும், இடுப்பு இறுகும், ஆயுள் குறையும் என்று படம் போட்டுக் காட்டினார். பேச்சு நீண்டதும் சினத்சு மெல்ல எழுந்தாள்.

"முராசே சான், உட்காருங்க. எழுந்திருக்கற பகுதி கடைசியில வருது."

"காப்பகம் மூடிடுவாங்க…"

"கட்டாயமே இல்ல. போகணும்னா போகலாம். ஆனா அடுத்தது உறுதிமொழி."

உறுதிமொழி என்பது ஆளுக்கு ஒரு அட்டை. அதில் தன் உடல்நலத்துக்காகச் செய்யப்போவதை எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். சினத்சு மனதில் பட்டதை எழுதினாள்: 'தூங்குவேன்.'

சுகெகாவா அதைப் படித்துவிட்டு, நோயாளியின் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போல் விளக்குக்கு நேரே பிடித்தார். "தூக்கம் செயல் இல்லையே. செயலின்மை. திருத்திடறேன்." திரும்பி வந்த அட்டையில் 'அதிகாலையில் எழுந்து ஓடுவேன்' என்று இருந்தது. கையெழுத்து மட்டும் அவளுடையது.

அன்று அவள் காப்பகத்துக்குப் போனபோது செருப்பு அலமாரியில் இரண்டு இடங்கள்தான் காலியாகாமல் இருந்தன. ரிக்கு ஆசிரியையின் தோளில் தூங்கிவிட்டான். ஷிஹோ தொப்பியும் பையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சினத்சு இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டாள். இந்த வளைவு உடற்பயிற்சிக் கணக்கில் சேராது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"ஓடியா வந்தே?" என்றாள் ஷிஹோ.

"ஓடித்தான்டீ வந்தேன்."

"அப்போ உனக்கு ஓட வருது." ஷிஹோ திருப்தியாகத் தலையாட்டினாள். "விளையாட்டு விழாவுல பெரிய வகுப்புக்கு மட்டும் அம்மாகூடக் கை பிடிச்சு ஓடற பந்தயம். கை விட்டா அவுட். நீ வருவேல்ல?"

"வருவேன்."

"போன வருஷமும் வருவேன்னே. பந்து உருட்டறதுக்கு டீச்சர்தான் வந்தாங்க. டீச்சர் கை ஒரே ஈரம்."

போன வருடம் கம்பெனியில் சரக்கு எண்ணும் நாள். சினத்சு நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் நிச்சயமா வருவேன். உன் கையை விடவே மாட்டேன்."

அடுத்த ஏப்ரலில் ஷிஹோ பள்ளிக்கூடம் போய்விடுவாள். காப்பகத்தில் இதுதான் கடைசி விழா. அன்றிலிருந்து சமையலறையில் பயிற்சி நடந்தது. சினத்சு மிசோ சூப் கலக்கிக்கொண்டிருக்கும்போது, ஷிஹோ குளிர்பெட்டியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால்களைத் தூக்கித் தூக்கி ஓடுவாள். கைப்பிடி ஆடத் தொடங்கிவிட்டது. ரிக்கு கைதட்டுவான்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குப் பொன் இலை மேல் ஆசை வந்தது.

நல்வாழ்வு நிறுவனங்களின் மன்றம் என்று ஓர் அமைப்பு. ஊழியர்களின் உடல்நலத்தைப் பேணும் கம்பெனிகளுக்கு அது பொன் இலைச் சான்றிதழ் தரும். பக்கத்து ஊரில் உள்ள மேஜைக் கம்பெனிக்குப் போன வருடமே கிடைத்துவிட்டது. மேஜைக்குக் கிடைத்தது நாற்காலிக்குக் கிடைக்காதா என்று முதலாளி கேட்டதாகச் சொன்னார்கள். சான்றிதழுக்கு ஒரே நிபந்தனை: ஊழியர்கள் அனைவரும், ஒருவர் விடாமல், தங்கள் சுய விருப்பத்தின் பேரில், ஏதாவது ஓர் உடற்பயிற்சி நிகழ்ச்சியில் கலந்துகொள்ள வேண்டும்.

வேலை தொடங்குமுன் நடக்கும் காலை உடற்பயிற்சி நேரத்தில் சுகெகாவா அறிவித்தார். சனிக்கிழமை ஆற்றங்கரைப் பெருநடை. பச்சைத் தொப்பி கம்பெனி தரும். "யாருக்கும் கட்டாயம் இல்லை," என்றார் ஒலிபெருக்கியில். "எல்லோரும் வந்துவிடுங்கள்."

விளையாட்டு விழா அதற்கு முந்தின சனிக்கிழமை. சினத்சு நிம்மதியாகத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை மேகம் கட்டியது. ஷிஹோ துணியில் மழையை விரட்டும் பொம்மை செய்து, அதற்குச் சிரிக்கும் வாய் வரைந்து, ஜன்னலில் தொங்கவிட்டாள். பொம்மை சிரித்துக்கொண்டே இருந்தது. மழை கொட்டித் தீர்த்தது. விழாவை வழக்கம்போல் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் சினத்சு ஹிராபயாஷியிடம் போனாள். பெருநடைக்கு ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். அவள் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"கட்டாயம் இல்ல, முராசே சான்," என்றார் ஹிராபயாஷி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே. "வந்துடுங்க."

"பொண்ணுக்கு விழா, ஹிராபயாஷி சான்."

"தெரியுது. ஆனா ஒருத்தர் வரலைன்னாலும் மொத்தக் குழுவோட பேரும் லிப்டுக்குப் பக்கத்துல கறுப்பு மையில எழுதி ஒட்டுவாங்களாம். ரெண்டு வருஷத்துல நான் போயிடுவேன். கறுப்பு மையோடவா போறது?" அவர் ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்தார். "எனக்கு மூணு பிள்ளைங்க. ஒருத்தனோட விழாவையும் நான் பாத்ததில்ல. என்ன குறைஞ்சு போச்சு? மூணு பேரும் வளந்துட்டாங்களே."

"ஊருக்கு வர்றாங்களா?"

"எங்க வர்றது? எல்லாம் நல்ல கம்பெனி. சனிக்கிழமை ஆனா ஏதாவது நிகழ்ச்சி." அதற்குப் பிறகு அவர் முள்ளங்கியை மென்றுகொண்டே இருந்தார்.

சினத்சு மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

"சுய விருப்பம்னு சொன்னீங்க, சுகெகாவா சான். எனக்கு அன்னைக்கு வர முடியாது."

"முழுக்க முழுக்க சுய விருப்பம்தான்," என்றார் அவர். "அதனாலதான் வராம இருக்க வழி வைக்கல. கட்டாயம்னா விதிவிலக்கு வைக்கலாம். காய்ச்சல், சாவு, இப்படி. விருப்பத்துக்கு எப்படி விதிவிலக்கு வைக்கறது? விருப்பம் இல்லைன்னு சொல்றதுக்கு எந்த மனுஷனுக்கு விருப்பம் இருக்கும்?"

"என் பொண்ணோட பந்தயத்துல ஓடப் போறேன். நிஜமாவே ஓடப் போறேன். உடற்பயிற்சிதானே?"

"எவ்வளவு தூரம்?"

"பாதி மைதானம் இருக்கும்."

"அதுல இதயத்துடிப்பு ஏறவே ஏறாது. வேணும்னா பாப்பாவை நடைக்குக் கூட்டிக்கிட்டு வாங்களேன். சின்னத் தொப்பி இருக்கு."

"அவளுக்கு இதுதான் கடைசி விழா. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடத்துலயும் விழா உண்டே!"

"அங்க அம்மா கை பிடிச்சு ஓடற பந்தயம் கிடையாது."

சுகெகாவா அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார். "முராசே சான், நான் உங்களை மிரட்டல. இந்த அறையில மிரட்டலுக்கே இடமில்ல. ஆனா ஊக்கம் வரலைன்னா அடுத்த படி தீவிர ஆதரவு. வாரா வாரம் சாயங்காலம் வகுப்பு, ஆறு மாசத்துக்கு. உங்க நல்லதுக்குத்தான். உங்க பிள்ளைங்களுக்கு ஆரோக்கியமான அம்மா வேணுமா வேண்டாமா?"

வாரா வாரம் சாயங்காலம். செருப்பு அலமாரியில் இரண்டு இடங்கள். சினத்சு தொண்டையில் வந்ததை விழுங்கினாள். அதுவும் வயிற்றுக்குத்தான் போனது.

கென்ஜி தொலைபேசியில் சமாதானம் சொன்னான். "முதல்ல நடைக்குப் போய் முகத்தைக் காட்டிட்டு, அப்படியே நழுவி வந்துடேன்."

"ரெண்டும் ஒரே நேரம்."

"நான் அங்க இருந்தா…"

"இல்லையே." அவள் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஆற்றங்கரைக்குக் கீழே உள்ள திடலில் காப்பகத்து விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, நிறக் கொடிகள் கட்டியிருந்தார்கள். சினத்சு விடியுமுன்பே வந்து விரிப்பைப் போட்டு இடம் பிடித்திருந்தாள். சாப்பாட்டுப் பெட்டியில் ஷிஹோ கேட்ட பொரித்த கோழி. பயம் எல்லாம் வெள்ளிக்கிழமையோடு போய், இப்போது நெஞ்சில் இருந்தது வேறு ஏதோ. கோழியைப் பொரிக்கும்போதே அது கொதிக்கத் தொடங்கியிருந்தது.

கை பிடிக்கும் பந்தயத்துக்கு ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். சினத்சு ரிக்குவை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, ஷிஹோவோடு கோட்டில் போய் நின்றாள். ஷிஹோவின் கை சூடாக, பிசுபிசுவென்று, இரும்புப் பிடியாக இருந்தது.

அப்போதுதான் ஆற்றங்கரையின் மேல் விசில் சத்தம் கேட்டது. பச்சைத் தொப்பிகள் தெரிந்தன. ஹிசகாவா நாற்காலியின் ஊழியர்கள் இரண்டிரண்டு பேராக, கொடி பிடித்து, சுய விருப்பத்தின் பேரில் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் சுகெகாவா. அவர் திடலைப் பார்த்தார். நின்றார். கையைத் தூக்கினார். பெருநடை முழுவதும் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டி நின்றது.

அடுத்த நிமிடம் அவர் புல்சரிவில் இறங்கி ஓடி வந்தார். கையில் ஒரு பச்சைப் பட்டை. பின்னால் காமிராவோடு ஓர் இளைஞன்.

"முராசே சான்! ஒரு நிமிஷம்!" சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள்ளேயே வந்துவிட்டார். "வழி கண்டுபிடிச்சுட்டேன்! இந்தத் திடலைப் பெருநடையோட கிளைன்னு அறிவிச்சுட்டா நீங்களும் கலந்துகிட்ட மாதிரி ஆயிடும்! பட்டையை மட்டும் போட்டுக்கங்க!"

"தள்ளுங்க, சுகெகாவா சான். பந்தயம் ஆரம்பிக்குது."

"ஒரே ஒரு படம்! நீங்க ஒருத்தர்தான் பாக்கி! உங்களாலதான் கம்பெனிக்கே…" அவர் பட்டையை அவள் தலை வழியாக மாட்டினார். ஒரு கை உள்ளே போய்விட்டது. இன்னொரு கை ஷிஹோவிடம் இருந்தது. சுகெகாவா குனிந்து, குழந்தைகளுக்கான குரலில் சொன்னார். "பாப்பா, அம்மா கையைக் கொஞ்சம் விடும்மா."

"விட்டா அவுட்," என்றாள் ஷிஹோ.

"ஒரே ஒரு நிமிஷம்தான், செல்லம்."

"மாட்டேன்."

சுகெகாவா ஷிஹோவின் விரல்களைப் பிடித்து விலக்கப் பார்த்தார்.

"என் பொண்ணு கையைத் தொடாதீங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று சினத்சுவுக்கே சந்தேகம் வந்தது. கரைமேல் பச்சைத் தொப்பிகள் எல்லாம் கீழே திரும்பின. சினத்சு பட்டையைத் தலை வழியாக உருவி எடுத்து சுகெகாவாவின் கழுத்தில் மாட்டினாள்.

"நீங்க போட்டுக்கங்க. பிரசவ ஆஸ்பத்திரிக்குக்கூட ஓட்டத்தை முடிச்சுட்டுப் போனவர் நீங்க. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்."

நிகழ்ச்சி ஏற்கெனவே தாமதமாகிவிட்டதால், தலைமை ஆசிரியை அதற்குமேல் காத்திருக்கவில்லை. துப்பாக்கி வெடித்தது.

ஓடினார்கள். பத்துப் பதினைந்து தாய்மார்கள், நாலைந்து அப்பாக்கள், அவர்கள் கையில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள், எல்லோரும் ஒரே அலையாக சுகெகாவாவின் மேல் வந்தார்கள். இருபது வருடம் தவறாமல் ஓடியவருக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. இடது பக்கம் ஒரு குழந்தை, வலது பக்கம் ஒரு பெரிய அப்பா. கடைசியில் சுண்ணாம்பில் உட்கார்ந்துவிட்டார்.

சினத்சுவுக்கு மூச்சு வெடித்தது. முட்டி வலித்தது. பக்கத்தில் ஷிஹோ பல்லைக் கடித்துக்கொண்டு, குளிர்பெட்டியை விட அம்மா வேகமாக இருப்பதில் திகைத்துப்போய் ஓடினாள். கடைசிக்கு முந்தின ஜோடியாக நாடாவைத் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓர் அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டோமா?" என்றாள் ஷிஹோ.

"கையை விட்டோமா?"

"விடல."

"அப்புறம் என்ன?"

கரைமேல் யாரோ கைதட்டினார்கள். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். விசில் அடித்து அதை நிறுத்தினார்கள். நின்ற இடத்தில் குதிகால் உயர்த்தும் நேரம் அது.

திங்கட்கிழமை சினத்சு தீவிர ஆதரவுக்குத் தயாராகத்தான் போனாள். லிப்டுக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் எதுவும் இல்லை. அங்கே ஆளுயர வண்ணப்படம் இருந்தது.

படத்தில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து, தலைமுடி பறக்க, கண்ணில் தீயோடு. மார்பின் குறுக்கே பச்சைப் பட்டை. கணினியில் வரைந்திருந்தார்கள். அவள் சட்டை மடிப்புக்கு ஏற்ப மடிப்புகூடப் போட்டிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில்: 'ஊக்கம் கண்டேன்! முராசே, கணக்குப் பிரிவு.'

அவளுடைய வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. விரல்களுக்குள் எதுவும் இல்லை. பக்கத்தில் நல்ல பசும்புல் வளர்த்திருந்தார்கள்.

அவள் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள். லிப்ட் இரண்டு முறை வந்து போனது.

"பிரமாதமா வந்திருக்கு, இல்ல?" சுகெகாவா பக்கத்தில் நின்றார். முழங்கையில் ஒரு பிளாஸ்திரி. சனிக்கிழமையைப் பற்றி அவருக்கு எந்த வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

"என் பொண்ணு எங்க?"

"ஊழியர் அல்லாதவங்க படத்தைப் போடக்கூடாது. பாப்பாவோட உரிமையை நாங்க மதிக்கறோம்." அவர் தலையைச் சாய்த்துப் படத்தை ரசித்தார். "அதோட, பாப்பா இருந்தப்போ ஏதோ குடும்பப் படம் மாதிரி இருந்துச்சு. இப்போதான் நீங்களே உங்க சொந்த ஊக்கத்துல ஓடற மாதிரி இருக்கு. நாளைக்கு மன்றத்துலேர்ந்து பரிசோதகர் வர்றார். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். எழுதி வெச்சிருக்கேன். கட்டாயம் இல்ல."

மறுநாள் வேலை முடிந்ததும் எல்லோரையும் பெரிய கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். திரையில் அதே படத்தில் சினத்சு ஓடினாள். முன்வரிசையில் மன்றத்தின் பரிசோதகர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், மடியில் கட்டங்கள் போட்ட தாளோடு. சுகெகாவா மேடையேறினார்.

"ஊக்கம் என்பது வெளியிலிருந்து வருவதில்லை," என்றார். "அதை நாங்கள் எங்கள் ஊழியர்களுக்குள் வெளியிலிருந்து செலுத்தினோம். ஒருவரைக்கூட விடவில்லை. விட்டுப்போகப் பார்த்தவரையும் விடவில்லை!"

கைதட்டல். சினத்சு மேடைக்குப் போனாள். எழுதிக்கொடுத்த தாளைப் பிரிக்கவில்லை.

"இந்தப் படத்துல என் கையில இருந்தது என் பொண்ணு," என்றாள். "பேரு ஷிஹோ. இவர் அழிச்சுட்டார். இந்தப் பட்டை நான் போட்டது இல்ல, இவர் வரைஞ்சது. நான் பெருநடைக்கு வரல. காப்பகத்து விழாவுல ஓடிக்கிட்டிருந்தேன்."

கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை. ஹிசகாவா நாற்காலிகள் கிரீச்சிடுவதில்லை. முதலாளி கூரையைப் பார்த்தார். பரிசோதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். குழந்தை அழிக்கப்பட்டது அவரைக் கலங்கச் செய்ததாகத் தெரியவில்லை. வேறொன்று கலங்கச் செய்தது.

"ஒரு விளக்கம் வேணும்," என்றார். "நீங்க குழந்தையோட ஓடினது உடற்பயிற்சியா, வாழ்க்கைச் செயலா?"

"உடற்பயிற்சின்னு சொல்லுங்க!" சுகெகாவா பக்கத்திலிருந்து கிசுகிசுத்தார். ஒலிவாங்கி அதையும் வாங்கிக் கூடம் முழுக்கக் கொடுத்தது. "முராசே சான், சொல்லுங்க! எல்லாம் சரியாயிடும்!"

"ரெண்டும் இல்லைங்க," என்றாள் சினத்சு. "அவ கூப்பிட்டா. நான் ஓடினேன்."

பரிசோதகர் தாளில் மேலிருந்து கீழே பேனாவை ஓட்டினார். திருப்பிப் பார்த்தார். மீண்டும் முதலிலிருந்து வந்தார்.

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"இருக்காது." அவள் திரையில் தன்னுடைய வெறும் கையைக் காட்டினாள். "இருந்த இடத்துல புல்லு வளத்துட்டாங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க? இன்னும் நிகழ்ச்சி முடியல!" என்றார் சுகெகாவா.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வரணும்."

"முராசே சான், இப்ப போனீங்கன்னா தீவிர ஆதரவு!"

"போடுங்க. நான் வர மாட்டேன். அடுத்தது என்ன இருக்கோ அதையும் போடுங்க. அதுக்கும் வர மாட்டேன்."

அவள் நடுப்பாதை வழியாக நடந்தாள். எல்லோரும் அவளைப் பார்க்காதது போல் பார்த்தார்கள். சுகெகாவாவுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "சரி, ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டோம்!" என்று ஒலிவாங்கியில் கூவினார். "எல்லோரும் எழுந்திருங்க! கை ரெண்டையும் நல்லா மேல தூக்குங்க! கட்டாயம் இல்ல!"

சினத்சு கதவருகே திரும்பிப் பார்த்தாள். துப்பாக்கிமுனையில் பிடிபட்டவர்கள் போல் கூடம் முழுவதும் இரண்டு கைகளையும் தூக்கி நின்றது. முதலாளியும் தூக்கியிருந்தார். பரிசோதகர் தாளைப் பல்லில் கவ்விக்கொண்டு தூக்கியிருந்தார்.

கடைசி வரிசையில் ஹிராபயாஷி மட்டும் எழுந்திருக்கவில்லை. கைகள் மடியில் கிடந்தன. திரையில் இருந்த அந்தக் காலிக் கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.